கணுக்கால் வெளிச்சம்

கிளிநொச்சியில் பொழுதுபட்டு இருட்டுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. நகரம் மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் இருப்பதால், மாலைச் சூரியன் தொடுவானத்தைக் கிட்டத்தட்ட நேர்குத்தாக வெட்டிக்கொண்டு இறங்குகிறது. அது மறைந்து 22 நிமிடத்துக்குள், விளக்கில்லாமல் வெளியில் எந்த வேலையும் செய்யமுடியாத அளவுக்கு இருண்டுவிடும். லண்டனில் ஜூன் மாதத்தில் இதற்கு முக்கால் மணித்தியாலம் எடுக்கும். கண் மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான். வெளிச்சத்தில் இருந்த கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். வன்னியில் இருட்டு கண்ணை முந்திவிடுகிறது.

வீதியில் சைக்கிள்கள் கூடுவதும் அந்த நேரத்தில்தான். ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள், கடையைப் பூட்டிவிட்டு வருகிறவர்கள், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வருகிறவர்கள். விடியப்புறம் இன்னொரு கூட்டம் புறப்படும்: பின் கரியரில் றெஜிபோம் பெட்டி கட்டிய மீன் வியாபாரிகள், பாற்காரர்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் இரவு பஸ்களும் மணல் ஏற்றிய டிப்பர்களும் இதே தாரில்தான் ஓடுகின்றன.

இரவில் சைக்கிள் ஓடுகிறவரிடம் லைற் ஏன் இல்லை என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எனக்கு வழி நல்லாத் தெரியுது." அவர் பொய் சொல்லவில்லை. விழித்திரையில் இரண்டு வகையான ஒளி உணரும் கலங்கள் இருக்கின்றன. பகலுக்கும் நிறத்துக்குமான கூம்புகள் 60 இலட்சம் அளவில். இருட்டுக்கான கோல்கள் 12 கோடி அளவில். பத்து நிமிடம் விளக்கில்லாத ஒழுங்கையால் வந்தவரின் கோல்கள் விழித்துக்கொண்டிருக்கும். நட்சத்திர வெளிச்சத்திலேயே அவருக்கு வீதியின் ஓரமும் மதகும் படுத்திருக்கும் மாடும் புலப்படும். ஆனால் எதிரிலோ பின்னாலோ வரும் சாரதியின் கண் அப்படி இல்லை. தன் வாகனத்தின் முகப்பு விளக்கு வீதியில் பரப்பும் வெளிச்சத்தையே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். டாஷ்போர்ட் விளக்கும் எதிரே வரும் வாகனங்களும் அவருடைய கண்ணை இருட்டுக்குப் பழகவே விடுவதில்லை. கூம்பும் கோலும் பாதிப் பாதியாக வேலை செய்யும் இடைநிலையில் அவர் ஓட்டுகிறார். ஒரே வீதி, ஒரே நேரம், இரண்டு வெவ்வேறு கண்கள். "எனக்குத் தெரியுது, அவருக்கும் தெரியும்" என்று சைக்கிள்காரர் போடும் கணக்கு அங்கேதான் பிழைக்கிறது.

செக் நாட்டு உடலியலாளர் ஜான் பூர்க்கினியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனித்த ஒன்றையும் இங்கே சேர்க்கவேண்டும். பகலில் எடுப்பாகத் தெரிந்த சிவப்புப் பூக்கள் கருக்கலில் முதலில் கறுத்துப்போயின. நீலமும் பச்சையும் பிந்தியே மங்கின. கூம்புகளுக்கு மிக உவப்பான ஒளி 555 நனோமீற்றர் அலைநீளம் உள்ளது, கோல்களுக்கு 507. சிவப்பு கோல்களுக்கு ஏறக்குறைய இல்லாத நிறம். ஆகவே சிவப்புச் சேட்டும் சிவப்புச் சைக்கிளும் பொழுதுபட்டபின் கறுப்புத்தான். சிவப்பு விளக்கு வேறு கதை. அது கூம்புகளை எழுப்புமளவு பிரகாசமானது.

வன்னி மக்கள் இருட்டோடு கொண்டிருந்த உறவு விழித்திரையோடு முடிவதில்லை. போர்க்காலத்தில் இங்கே வெளிச்சம்தான் ஆபத்து. விமானச் சத்தம் கேட்டால் விளக்கை அணைக்கவேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கின் சிறு திரியில் ஒரு வீடு முழுக்க இரவைக் கழித்தது. வெளியே தெரியாமல் நடமாடத் தெரிந்தவரே கெட்டிக்காரர். அப்படி வளர்ந்த ஒரு தலைமுறை இன்று விளக்கில்லாமல் சைக்கிள் ஓடுவதை வெறும் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இருட்டில் மறைவது குண்டுக்குத்தான் பாதுகாப்பு, வாகனத்துக்கு அல்ல. இதைப் பிரித்தானியா பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1939 செப்ரெம்பரில் ஜெர்மன் விமானங்களுக்குப் பயந்து அங்கே இருட்டடிப்பு அறிவித்தார்கள். தெரு விளக்குகள் அணைந்தன, வாகன முகப்பு விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். பெற்றோல் பங்கீட்டில் இருந்ததால் ஓடிய வாகனங்களும் குறைவு. அப்படியிருந்தும் 1941 இல் மட்டும் அந்த நாட்டு வீதிகளில் 9,169 பேர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆண்டிலும் அங்கே இவ்வளவு வீதி மரணங்கள் நேர்ந்ததில்லை. கட்டடங்கள் உள்ள பகுதியில் இரவில் மணிக்கு 32 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்தார்கள். அக்காலத்தில் அங்கே சைக்கிளின் பின் மட்காட்டிலும் வெள்ளைப் பட்டை கட்டாயமாக இருந்தது. நம்மூர்ப் பழைய ராலி சைக்கிள்களின் பின் மட்காட் நுனி வெள்ளையாக இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகப் போட்டதல்ல.

போர்க்கால வன்னியில் பிரித்தானியாவில் நடந்தது ஏன் அதே அளவில் நடக்கவில்லை? வீதிகள் மோசமாக இருந்ததால்தான். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி குண்டும் குழியுமாய்க் கிடந்தது, எரிபொருளும் இல்லை. பரந்தனிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் 30 கிலோமீற்றர் வேகமே பெரிய வேகம். 2002 இல் போர்நிறுத்தத்தோடு ஏ-9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது, 2009 இல் போர் முடிந்தபின் காப்பெற் வீதியானது. வளைவே இல்லாத நேர்க்கோடு, இரண்டு பக்கமும் காடு. அமத்துமளவுக்கு ஓடும்.

இந்த மாற்றத்தை மீற்றரில் எழுதிப்பார்ப்போம். எதிர்பாராத ஒன்றை இரவில் கண்ட சாரதிக்கு, கண்டது என்ன என்று புரிந்து பிறேக்கில் கால் வைக்க 2 விநாடி என்று வைத்துக்கொள்வோம். பிறேக் பிடித்தபின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் விநாடிக்கு 5 மீற்றர் வீதம் குறைகிறது என்போம். 30 கிலோமீற்றரில் வரும் வாகனம் நிற்க 24 மீற்றர் போதும். 70 கிலோமீற்றரில் 77 மீற்றர். 90 இல் 112 மீற்றர். சைக்கிளும் அதே திசையில் நகர்ந்துகொண்டிருப்பதால் சில மீற்றர் கைகொடுக்கும், அதை விட்டுவிடுவோம். தாழ்த்திய முகப்பு விளக்கில், கறுப்பு உடை போட்ட ஒருவரை 50 மீற்றருக்கு அப்பால் காண்பது கடினம். குண்டும் குழியுமான வீதியில் அந்த 50 மீற்றர் தாராளமாய்ப் போதுமாயிருந்தது. காப்பெற் வீதியில் போதாது. சைக்கிள்காரரும் மாறவில்லை, இருட்டும் மாறவில்லை. வேகம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேலானது, நிற்கும் தூரம் மூன்று மடங்குக்கு மேல் நீண்டது.

இனி, சாரதியின் கண்ணுக்கு ஒளி எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் வெள்ளைச் சீருடை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி விடுகிறது, ஆனால் எல்லாத் திசைக்கும் சிதறி. வாகனத்திலிருந்து போகும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். சீருடையில் பட்டுத் திரும்பும் ஒளியும் திரும்பி வரும் வழியில் அதே விதத்தில் இன்னொரு தடவை குறையும். தூரத்தில் புள்ளியாய்த் தெரியும் பொருளுக்கு, தூரம் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு வரும் ஒளி 16 இல் ஒன்று. மூன்று மடங்கானால் 81 இல் ஒன்று. சைக்கிளில் சொந்த விளக்கு இருந்தால் ஒளி ஒருவழிப் பயணம்தான் செய்கிறது. இரண்டு மடங்கு தூரத்தில் நாலில் ஒன்று, மூன்று மடங்கில் ஒன்பதில் ஒன்று. பட்டாணி அளவு சிவப்பு விளக்கு அரைக் கிலோமீற்றரில் தெரிவதும், ஆள் அளவு வெள்ளைச் சேட்டு நூறு மீற்றரில் கரைந்துபோவதும் இதனால்தான்.

சேட்டுக்கும் விளக்குக்கும் நடுவே இருக்கிறது ரிஃப்ளெக்டர். அது ஒளியைச் சிதறவிடாமல் வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. கரம் போட் விளையாடியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஸ்ரைக்கரைச் சுழற்சியில்லாமல் மூலைக்கு அருகே அடித்தால், அது ஒரு சட்டத்தில் பட்டு, பக்கத்துச் சட்டத்திலும் பட்டு, போன பாதைக்குச் சமாந்தரமாகத் திரும்பி வரும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் அப்படித்தான். இரண்டு சட்டங்களுக்குப் பதிலாக ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்களை வைத்தால், ஒளி எத்திசையிலிருந்து வந்தாலும் அத்திசைக்கே திரும்பும். சைக்கிளின் சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கழற்றி உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் படும் சின்னச் சின்னக் கூர்கள் எல்லாம் இத்தகைய மும்முக மூலைகள். வெள்ளைத் துணியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு ஒளியை அவை சாரதியின் பக்கம் அனுப்புகின்றன.

இதே மூலைகளில் நூற்றை ஒரு தட்டில் அடுக்கி, 1969 ஜூலையில் அப்பலோ 11 வீரர்கள் சந்திரனில் வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி 384,000 கிலோமீற்றர் போய் அதில் பட்டு இரண்டரை விநாடியில் திரும்புகிறது. அந்த நேரத்தை அளந்துதான் சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்றிமீற்றர் விலகிப்போவதைக் கணக்கிட்டார்கள். பற்றறி இல்லை, வயர் இல்லை. அரை நூற்றாண்டு கழிந்தும் அது வேலை செய்கிறது. பின் மட்காட்டில் சேறு படிந்து கிடக்கும் பொருளும் இதே சாதிதான்.

இயற்கை இதற்கு வேறு வழி கண்டது. மாட்டின் விழித்திரைக்குப் பின்னால் பளபளக்கும் ஒரு படை இருக்கிறது. விழித்திரை பிடிக்கத் தவறிய ஒளியை அது திருப்பி அனுப்பி, இரண்டாவது தடவையும் பிடிக்க வாய்ப்புக் கொடுக்கிறது. எஞ்சியது கண் வில்லை வழியே வந்த திசைக்கே வெளியேறும். ஏ-9 இல் இரவில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளின் கண்கள் பச்சையாய் மின்னுவது அதனால். மனிதக் கண்ணில் அந்தப் படை இல்லை. மாடு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் அந்த மின்னலும் இல்லை. கறுத்தத் தாரில் ஒரு கறுத்த முதுகுதான். இங்கிலாந்தின் ஹலிஃபாக்ஸ் ஊர்க்காரர் பேர்சி ஷோ 1934 இல் காப்புரிமை பெற்ற வீதிப் பூனைக்கண்ணிலும் கண்ணாடி வில்லையும் அதற்குப் பின்னால் தெறிக்கும் பரப்பும்தான். சில்லு ஏறி அமத்தும்போது இறப்பர் உறை கண்ணாடியைத் துடைத்துவிடும் என்பதே அவருடைய கெட்டித்தனம். இருட்டடிப்புக் காலம் வந்ததும் அவருடைய தொழில் பெருகியது.

அந்தத் துடைக்கும் யோசனையை நாம் சைக்கிளில் கைவிட்டுவிட்டோம். வன்னியின் உள்வீதிகள் பல இன்னும் கிறவல். மாசி தொடங்கி ஐப்பசி வரை செம்புழுதி, பிறகு மாரிச் சேறு. புழுதி படிந்த ரிஃப்ளெக்டரில் ஒளி உள்ளே போகும்போது ஒருமுறை மறிபடும், வெளியே வரும்போது இன்னொருமுறை. சேட்டு நுனியால் துடைக்க ஒரு விநாடிதான். மழையில் இன்னொரு சிக்கல். மலிவான ஒளிப்பட்டிகளில் மூலைகளுக்குப் பதிலாகத் தூள் போன்ற கண்ணாடி மணிகள் வெளியே திறந்தபடி ஒட்டியிருக்கும். மணிக்குள் ஒளி முறிந்து பின்சுவரில் குவியவேண்டுமானால் முன்னால் காற்று இருக்கவேண்டும். நீர்ப்படலம் மூடினால் முறிவு குறைந்து குவியம் தப்பிவிடும். மணிகளை மூடிய உறைக்குள் வைத்த பட்டியிலும், அரியம் போன்ற மூலைகள் கொண்ட பட்டியிலும் இந்தக் குறை பெரிதாக இல்லை. ஈரமான தார் வேறு, முகப்பு ஒளியை முன்னோக்கி வழுக்கிவிட்டு எதிரே வருபவரின் கண்ணில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கார்த்திகை மழை இரவில் வீதி இவ்வளவு கறுப்பாய்த் தெரிவது அதனாலும்தான்.

ரிஃப்ளெக்டருக்கு இன்னும் சில வரம்புகள் உண்டு. ஒளியை அது விளக்குக்கே திருப்புகிறது. சாரதியின் கண் விளக்குக்குக் கிட்ட இருந்தால்தான் அதில் பங்கு கிடைக்கும். காரில் கண் விளக்குக்கு அரை மீற்றர் அளவு மேலே. உயரமான லொறியிலோ டிப்பரிலோ ஒன்றரை மீற்றர், அதற்கு மேலும் இருக்கலாம். ஆக எந்த வாகனத்துக்கு நாம் மிகவும் பயப்படுகிறோமோ, அதன் சாரதிக்கே கிட்டத்தில் ரிஃப்ளெக்டர் குறைவாக மின்னுகிறது. குறுக்கு ஒழுங்கையிலிருந்து ஏறும் வாகனத்தின் விளக்கு உங்கள்மேல் படவே படாது. அங்கே ரிஃப்ளெக்டர் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. விளக்கில்லாமல் வரும் லான்ட்மாஸ்டருக்கும் அதே கதி. மீன் பெட்டியோ விறகுக் கட்டோ உர மூட்டையோ பின் கரியரில் ஏறினால் மட்காட்டில் இருப்பது மறைந்தே போகும். பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு முழம் பட்டி ஒட்டினால் இந்த ஒன்றாவது தீரும். பெட்டி வைத்திருப்பவர் பெட்டியைக் கவனிக்கிறார், பெட்டிக்குக் கீழே மறைந்ததைக் கவனிப்பதில்லை.

எனவே சொந்த விளக்கு வேண்டும். ஒரு காலத்தில் வடக்கில் பொலிஸ்காரர் சைக்கிளை மறிப்பதென்றால் இரண்டு குற்றங்கள்தான்: லைற் இல்லாமல் ஓடுவது, டபிள்ஸ் போவது. அன்று லைற் என்றால் டைனமோ. பின் ரயரில் உரசி உருளும் சின்னப் போத்தல், உள்ளே சுற்றும் ஒரு காந்தம், அதைச் சூழ்ந்த கம்பிச்சுருள். 1831 இல் ஃபரடே கண்ட மின்காந்தத் தூண்டல் முழுவதும் அந்தப் போத்தலுக்குள் இருந்தது. 15 கிலோமீற்றர் வேகத்தில் 6 வோல்ற், 3 வாற்று. அதில் பெரும்பங்கு முன் விளக்குக்கு, எச்சம் பின் விளக்குக்கு.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது அந்தச் சாதனம் வேறு வேலைக்குப் போயிற்று. ரோச் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. செய்தி கேட்காமல் இருக்கவும் முடியாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரம் தர, மற்றவர்கள் சுற்றியிருந்து வானொலி கேட்டார்கள். டைனமோ தருவது மாறுதிசை மின். வானொலிக்கு நேர்மின் வேண்டும். இடையில் டயோட் போட்டு நேராக்கவேண்டும். சுற்றும் கை களைத்தால் செய்தியும் களைக்கும். உலகின் பல பாகங்களில் பாடப்புத்தகப் படமாக இருந்த மின்காந்தத் தூண்டலை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் தோள்வலியாக அறிந்திருந்தார்கள்.

வெளிச்சம் தேவைப்பட்ட காலத்தில் வீதியைவிட்டு வீட்டுக்குப் போன டைனமோ, தடை நீங்கியபின் வீதிக்குத் திரும்பவேயில்லை. புதுச் சைக்கிள்கள் பெரும்பாலும் டைனமோ இல்லாமலே வருகின்றன. இதை முழுக்க இழப்பு என்று சொல்லமாட்டேன். பழைய டைனமோவுக்கு ஒரு கொடிய குறை இருந்தது: சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். சந்தியில் வலப்பக்கம் திரும்ப வீதி நடுவே காத்து நிற்கும்போதுதான் வெளிச்சம் மிகவும் தேவை. அப்போதுதான் அது போய்விடும். இன்று மேலை நாட்டு டைனமோக்களில் சிறு கொள்ளளவி ஒன்று மின்னைச் சேமித்து, நின்றபின்னும் சில நிமிடம் விளக்கை எரியவிடுகிறது. ஜெர்மனியில் 2013 வரை சைக்கிள் வைத்திருப்பவர் டைனமோ வைத்திருக்கவேண்டும் என்பதே பொதுச் சட்டம். மின்னி மின்னி எரியும் விளக்கு அங்கே இப்போதும் கூடாது. மின்னும் விளக்கு கண்ணைச் சட்டென இழுக்கும் என்பது உண்மை. ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று மட்டிடுவது கடினம். தெருவிளக்கு எரியாத இருண்ட வீதிக்கு நிலையாக எரியும் சிவப்பே நல்லது என்பது என் கட்சி.

நமக்கு எல்ஈடி போதும். பழைய இழை விளக்குக்குத் தேவைப்பட்ட மின்னில் ஒரு சிறு பகுதியே அதற்குப் போதும். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வயரிலேயே அதற்கும் ஏற்றலாம். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் 2004 இலும் 2005 இலும் ஒரு சோதனை நடத்தினார்கள். பங்கேற்ற 3,845 சைக்கிள்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் சைக்கிளில், சில்லுக் கம்பியில் பூட்டிய காந்தத்தால் இயங்கும் விளக்கைப் பொருத்தினார்கள். ஆளி கிடையாது, சில்லு சுற்றினால் எரியும், பகலிலும் எரியும். அவர்களுக்குக் காயம் ஏற்படுத்திய விபத்துகள் மற்றவர்களைவிட 19 சதவீதம் குறைந்தன. "மறந்துபோனேன்" என்று சொல்ல வழியில்லாத விளக்கு என்பதுதான் அதன் சிறப்பு.

விளக்கும் இருக்கிறது, ரிஃப்ளெக்டரும் இருக்கிறது, துடைத்தும் இருக்கிறது. இன்னும் ஒரு படி மிச்சம். தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி சாரதிக்குத் தெரிகிறது. அது என்ன? 50 கிலோமீற்றரில் முன்னே போகும் மோட்டார் சைக்கிளா, நிறுத்திவைத்த ட்ரக்டர் பெட்டியா, வீதியோரக் கடையின் விளக்கா, 12 கிலோமீற்றரில் போகும் சைக்கிளா? ஒவ்வொன்றுக்கும் அவர் செய்யவேண்டியது வேறு. மோட்டார் சைக்கிள் என்று நினைத்து வேகத்தைக் குறைக்காமல் வந்தால், நினைப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடுவார். புள்ளியைக் கண்டுவிட்டார், ஆளைக் காணவில்லை.

சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக உளவியலாளர் குன்னர் ஜொஹான்சன் 1973 இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் உதவுகிறது. இருட்டறையில் ஒருவரின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால்களில் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்திப் படம் பிடித்தார். ஆள் அசையாமல் நின்றால் பார்ப்பவருக்கு அது அர்த்தமில்லாத புள்ளிக்கூட்டம். நடக்கத் தொடங்கியதும் மனிதன். அடையாளம் காண ஒரு விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு போதும். இரண்டு விநாடியைப் பற்றி மேலே கணக்குப் போட்டோமே, அதில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று யோசியுங்கள்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவான் வுட்டும் சக ஆய்வாளர்களும் இதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்கள். போக்குவரத்தில்லாத ஒரு சுற்றுப்பாதையில் இரவில் சாரதிகளை ஓடவிட்டு, சைக்கிள்காரரைக் கண்டதும் சொல்லச் சொன்னார்கள். 2012 இல் வெளிவந்த முடிவு இது. கறுப்பு உடையோடு இருந்தவரை அடையாளம் கண்டது 2 சதவீத வேளைகளில். ஒளிர் மஞ்சள் மேலங்கியோடு 15. ஒளியைத் திருப்பும் பட்டி போட்ட மேலங்கியோடு 50. அந்த மேலங்கியோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டி கட்டியபோது 90. வயதான சாரதிகள் கண்டது 27 சதவீதம், இளையவர்கள் 51. வயதான கண்ணில் ஒளி சிதறுவது அதிகம், அதிலும் வெண்படலம் தொடங்கியிருந்தால் எதிரே வரும் விளக்கின் கூச்சத்தில் எல்லாமே கழுவுப்பட்டுப் போகும்.

அந்த 15 என்ற எண்ணைக் கவனிக்கவேண்டும். வீதிப் பாதுகாப்பு என்றால் நமக்கு உடனே மஞ்சள் மேலங்கிதான் ஞாபகம் வருகிறது. ஒளிர் மஞ்சள், கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. பகலிலும் மப்பிலும் கருக்கலிலும் சூரியன் அந்தப் புற ஊதாவைத் தாராளமாய்த் தருகிறது. வாகன முகப்பு விளக்கில் அது மிகச் சொற்பம். இரவு எட்டு மணிக்கு அது ஒரு சாதாரண வெளிர் துணி. பட்டி இல்லாத மஞ்சள் மேலங்கியை இரவுக்கென்று விநியோகிப்பவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். பட்டி இருந்தாலும் மார்பிலும் முதுகிலும் இருக்கும் பட்டி அசைவதில்லை. சைக்கிளில் உடம்பு ஆடாது; ஆடுவது கால். அந்தக் கால் ஒரே தாளத்தில் மேலும் கீழும் போய்வருவதைக் கண்டால், அது சைக்கிள்தான் என்று சாரதி யோசிக்காமலே அறிவார். மிதிக்காமல் உருளும்போது இந்தப் பயன் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் வன்னி தட்டை நிலம். குளக்கட்டு இறக்கங்களை விட்டால் இங்கே மிதிக்காமல் உருள இடமில்லை.

புதுச் சைக்கிளின் பெடல்களில் முன்னும் பின்னும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் துண்டுகள் இருக்கும். சைக்கிளில் இருக்கும் எல்லாவற்றிலும் சாரதிக்கு அதிகம் சொல்லும் துண்டு அதுதான். முதலில் உடைந்து விழுவதும் அதுதான், யாரும் மறுபடி போடாததும் அதுதான். பெடலைப் புதிதாக மாற்றாவிட்டாலும், மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் லொறிப் பெட்டிக்கு ஒட்ட விற்கும் பட்டியில் ஒரு சாண் வாங்கினால் இரண்டு பெடல் விளிம்புக்கும் போதும். எஞ்சியதைக் கணுக்காலுக்கு வைத்துக்கொள்ளலாம். களிசான் போடுகிறவர்கள் முன்பு செயினில் துணி மாட்டாமலிருக்க வலது காலில் ஒரு கிளிப் போடுவார்கள். அந்த இடத்தில் பட்டி தைத்த ஒரு துணி வார் கட்டினால் இரண்டு வேலையும் நடக்கும். நாம் இடப்பக்கமாய் ஓடுவதால் முந்திச்செல்லும் வாகனங்கள் வலது காலைத்தான் உரசிப் போகின்றன. சாரத்தை மடித்துக் கட்டி ஓடுகிறவருக்கு வார் பிடிக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. பாட்டாச் செருப்பின் குதிப்பக்க விளிம்பில், பின்னால் வருபவருக்குத் தெரியும்படி, விரல் அகலத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். பசை நிற்க, முதலில் செருப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைக்கவேண்டும்.